பேரரசரின் கல்லறையும் பிறர் உயிரும்: பண்டைச் சீனரின் மறுமை நம்பிக்கை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

இறந்தோருக்கு உயிரோடிருப்போர் ஆற்றவேண்டிய கடன் யாது, அதன் எல்லை எது என்னும் வினாவை எழுப்பாத சமயம் இல்லை. இவ்வினாவிற்குச் சீன மக்கள் மூவாயிரம் ஆண்டுகளாக அளித்துவந்த விடைகள் அவர்தம் நூல்களில் மட்டுமன்றி, அவர்தம் அரசர்களின் கல்லறைகளிலும் பொறிக்கப்பட்டுள்ளன. கடந்த ஒரு நூற்றாண்டுக் கால அகழாய்வுகள் அக்கல்லறைகளுள் பலவற்றை நம் பார்வைக்குக் கொணர்ந்துள்ளன. சீனச் சமயம் பற்றிக் கற்கும் இறையியல் மாணவர் கன்பூசியம், தாவோயிசம், பௌத்தம் என்னும் மூன்று தலைப்புகளோடு நின்றுவிடுவது வழக்கம். அம்மூன்றிற்கும் அடித்தளமாயிருந்த இறந்தோர் வழிபாட்டை அறிய விழைவோர் கல்லறைகளையும் காணுதல் வேண்டும்.

இக்கட்டுரை அக்கல்லறைகள் அனைத்தையும் விவரிக்க முற்படவில்லை. அரசரின் மறுமை வாழ்விற்காகப் பிறர் என்ன விலை கொடுத்தனர், அவ்விலையைக் கண்டு சீனச் சான்றோர் என்ன கூறினர் என்னும் இரண்டையும் வரலாற்று முறையில் ஆராய்வதே இதன் நோக்கம்.

1. ஷாங் அரசரும் முன்னோரும்

ஷாங் மரபினரின் கடைசித் தலைநகரம், இன்றைய ஹெனான் மாநிலத்தைச் சேர்ந்த ஆன்யாங் நகருக்கு அருகே இருந்தது. இதன் காலம் ஏறத்தாழ கி.மு. 13ஆம் நூற்றாண்டு முதல் கி.மு. 11ஆம் நூற்றாண்டு வரையாகும். 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் லியாங் ஸியோங் என்னும் அறிஞர் இங்குள்ள அரச இடுகாட்டை விரிவாக அகழ்ந்தார். நாற்றிசையிலிருந்தும் சரிந்து இறங்கும் பாதைகளோடு, ஆழ்ந்த குழிகளாக அமைந்த கல்லறைகள் அங்கே வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை பண்டே கொள்ளையிடப்பட்டவை. எனினும் அரசரோடு புதைக்கப்பட்ட மனிதரின் எலும்புகளைக் கள்வர் விட்டுச் சென்றிருந்தனர்.

இவ்வாறு இறந்தோரை அறிஞர் இரு வகையாகப் பிரிப்பர். அரசருக்கு மறுமையிலும் ஊழியம் செய்யும்படி உடன் புதைக்கப்பட்ட ஏவலரும் காவலரும் ஒரு வகையினர். இவர்களுட் சிலருக்குத் தனிப் பெட்டியும் சில பொருள்களும் உண்டு. முன்னோருக்குப் படையலாக வெட்டப்பட்டோர் மற்றொரு வகையினர். தலை வேறு உடல் வேறாகக் குழிகளில் வரிசையாகக் கிடக்கும் இவர்கள் பெரும்பாலும் போர்க் கைதிகள். அரச இடுகாட்டில் கண்டெடுக்கப்பட்ட இத்தகையோர் எண்ணிக்கை ஆயிரத்திற்கும் மேற்பட்டது. 1976இல் அகழப்பட்ட ஃபூ ஹாவ் அரசியின் கல்லறை கொள்ளைக்குத் தப்பியது. அவர் வூ டிங் அரசரின் மனைவியர் ஒருவர். படை நடத்திச் சென்றவர். நானூறுக்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்களும், எழுநூறுக்கும் மேற்பட்ட ஜேட் பொருள்களும், ஆயிரக்கணக்கான சோழிகளும் அவரோடு வைக்கப்பட்டிருந்தன. பதினாறு மனிதரும் ஆறு நாய்களும் உடன் புதைக்கப்பட்டிருந்தனர்.

இச்செயலுக்கு அடிப்படையான நம்பிக்கையை ஷாங் மக்களின் குறி எலும்புகள் காட்டுகின்றன. எருதின் தோள் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் சூடேற்றி, தோன்றும் வெடிப்புகளைக் கொண்டு அரசர் குறி கேட்டார். கேட்ட வினா அதன்மேல் எழுதப்பட்டது. விளைச்சல், மழை, போர், பிள்ளைப்பேறு ஆகியவற்றோடு அரசரின் பல்வலியும் அங்கே வினாவாகிறது. எந்த முன்னோர் சினங்கொண்டதால் இவ்வலி வந்தது, எத்தனை ஆடு, எத்தனை எருது, எத்தனை கைதி படைத்தால் தணியும் என்பதே அவ்வினா. அண்மையில் இறந்த அரசர் தமக்கு மூத்தோரிடமும், மூத்தோர் டி என்னும் உயர் தெய்வத்திடமும் செல்ல வல்லவர் எனக் கருதப்பட்டதாக அறிஞர் விளக்குவர். எனவே இறந்த அரசர் ஆட்சியிலிருந்து ஓய்வு பெற்றவர் அல்லர், பதவி உயர்ந்தவர். அவருக்கு உணவும் ஏவலரும் குறையுமாயின் நாடே துன்புறும் என்னும் அச்சம் நிலவியது.

2. மனச்சான்றின் குரல்கள்

கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் அரசை வென்ற சௌ மரபினர் காலத்தில் உடன்புதைப்பு குறைந்தது, ஆனால் மறையவில்லை. மேற்கே இருந்த சின் நாட்டின் மூ கோமகன் கி.மு. 621இல் இறந்தபோது 177 பேர் அவரோடு புதைக்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் ஸிமா சியேன் எழுதியுள்ளார். அவர்களுள் மக்களால் மதிக்கப்பட்ட மூன்று நல்லோர் இருந்தனர். அவர்களுக்காகப் பாடப்பட்ட புலம்பல் ஒன்று சீனரின் பழம்பெரும் கவிதைத் தொகை நூலில் இடம்பெற்றிருக்கிறது. அரச இடுகாட்டின் பக்கத்தில் நின்று மக்கள் எழுப்பிய கண்டனம் ஒரு நாட்டின் திருநூலாகவே போற்றப்பட்ட தொகுதியில் சேர்க்கப்பட்டமை நோக்கற்பாலது. அதே நாட்டின் ஜிங் கோமகன் கி.மு. 537இல் இறந்தார். அவரது கல்லறையை 1976 முதல் 1986 வரை அகழ்ந்தபோது 186 மனிதரின் உடல்கள் காணப்பட்டன. நூல் கூறியதை மண் உறுதிப்படுத்தியது.

கன்பூசியஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மனிதருக்குப் பதிலாக மனித உருவங்களைச் செய்து புதைக்கும் வழக்கத்தையும் அவர் கண்டித்தார் என்று மென்சியஸ் குறிப்பிடுகிறார். மனித உருவைப் புதைக்கத் துணிந்த கை மனிதரையும் புதைக்கத் துணியும் என அவர் அஞ்சினார் என்பது உரையாசிரியர் பலரின் விளக்கம். சடங்கு நூலொன்றில் வரும் நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. செல்வர் ஒருவர் வெளிநாட்டில் இறந்தார். அவருக்கு மறுமையில் பணிவிடை செய்ய ஆளின்றி வருந்துவாரே என்று அவர் மனைவியும் காரியக்காரரும் சிலரை உடன் புதைக்க ஏற்பாடு செய்தனர். இறந்தவரின் தம்பி சென் ஸிகாங் அங்கு வந்து சேர்ந்தார். மறுமையில் ஊழியர் தேவையில்லை என்று அவர் வாதாடவில்லை. அவ்வூழியத்திற்கு அவருடைய மனைவியையும் காரியக்காரரையும்விடத் தகுதியுடையோர் யாருமிலர் என்று மட்டும் கூறினார். ஏற்பாடு அன்றே கைவிடப்பட்டது. மறுமைக் கோட்பாட்டை மறுக்காமலே, அதன் சுமையைச் சுமத்துவோர் தலையில் வைத்துக் காட்டியதால் அநீதி வெளிப்பட்டுவிட்டது.

பிறரும் தத்தம் நோக்கில் இவ்வினாவை அணுகினர். மோட்சு என்பவர் ஆடம்பர அடக்கத்தையும் நெடுநாள் துக்கத்தையும் ஏழைகளின் வயிற்றைக் கொண்டு அளந்து, அவை நாட்டை வறுமைக்கு உள்ளாக்கும் என்றார். ஷுன்ட்சு என்பவரோ சடங்குகளை ஆதரித்தார். ஆயினும் அவை வாழ்வோரின் அன்பையும் துயரத்தையும் முறைப்படுத்தும் மனித நெறி என விளக்கினார். கல்லறையில் வைக்கும் கலங்கள் உருவில் கலங்களாயினும் பயன்பாட்டிற்கு ஆகாதவையாய் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தும் இக்காலத்தில் வலுப்பெற்றது. இறந்தோரை முற்றும் இல்லாதவராகக் கருதுவது அன்பின்மை. முற்றும் வாழ்வோராகக் கருதுவது அறிவின்மை. இரண்டிற்கும் இடையே ஒரு வழி தேடப்பட்டது.

கி.மு. 384இல் சின் நாட்டின் சியான் கோமகன் உடன்புதைப்பைத் தடை செய்தார். மக்களின் புலம்பலுக்கும் இத்தடைக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

3. முதற் பேரரசரின் மலை

தடை விதித்த அதே சின் நாட்டில்தான் கி.மு. 259இல் பிறந்து, கி.மு. 246இல் சிறுவராக அரியணை ஏறி, கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொணர்ந்த சின் ஷி ஹுவாங் என்னும் முதற் பேரரசர் ஆண்டார். இவர் இறவாமையை நாடியவர். இறவாதோர் வாழும் தீவுகளைத் தேடி ஷூ ஃபூ என்பவரைச் சிறுவர் சிறுமியரோடு கீழ்க்கடலுக்கு அனுப்பினார். மறுபுறம், ஆட்சியின் தொடக்கமுதல் லி மலையடிவாரத்தில் தம் கல்லறையையும் கட்டுவித்தார். சாவை ஏற்க மறுத்தவரே சாவுக்குப் பின்னும் ஆள ஆயத்தம் செய்தார்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ஸிமா சியேன், ஏழு இலட்சம் பேர் அங்கு உழைத்தனர் என்கிறார். பாதரசத்தால் ஆறுகளும் கடலும், மேலே வான்மீன்கள், கீழே நிலவுலகம், நெருங்குவோரை எய்யும் விற்பொறிகள் ஆகியவை அமைக்கப்பட்டன என்றும் அவர் விவரிக்கிறார். மையக் கல்லறை இன்றுவரை திறக்கப்படவில்லை. எனினும் அம்மேட்டின் மண்ணில் பாதரசம் மிகுந்திருப்பதை 1980களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. 1974 மார்ச் மாதம் கிணறு தோண்டிய உழவர்கள் கண்ட சுடுமண் படையைப் பற்றி ஸிமா சியேன் ஒரு சொல்லும் கூறவில்லை. மேட்டிற்குக் கிழக்கே ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் மூன்று குழிகளில் நிற்கும் அப்படையின் எண்ணிக்கை ஏறத்தாழ 8,000 என மதிப்பிடப்படுகிறது. முகங்கள் வெவ்வேறாய்த் தோன்ற, ஆளுயரத்தில், வண்ணம் தீட்டி அவை செய்யப்பட்டன.

உயிருள்ள வீரருக்குப் பதிலாக மண் வீரர் புதைக்கப்பட்டதால் அறம் வளர்ந்தது என்று பலர் எழுதுவர். அஃது ஓரளவே உண்மை. கி.மு. 210இல் பேரரசர் பயணத்தில் இறந்தார். சாவை மறைப்பதற்காக உடலின் நாற்றம் தெரியாதபடி வண்டியில் உப்பிட்ட மீன் ஏற்றப்பட்டது. அடக்கத்தின்போது, பிள்ளைப்பேறற்ற அந்தப்புரப் பெண்கள் அனைவரும் உடன் சாகவேண்டும் என்று இரண்டாம் பேரரசர் ஆணையிட்டார். கல்லறையின் மறைபொருளை அறிந்த கைவினைஞரும் உள்ளேயே அடைக்கப்பட்டனர் என்று ஸிமா சியேன் கூறுகிறார். கி.மு. 384இன் தடை அரசவையில் ஒரே நாளில் மறக்கப்பட்டது.

கல்லறைக்கு மேற்கே உழைப்பாளிகளின் இடுகாடு ஒன்று 1979இன் இறுதியில் கண்டறியப்பட்டது. சில உடல்களின்மேல் உடைந்த கூரையோட்டுத் துண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் இறந்தவரின் பெயரும் ஊரும் கீறப்பட்டிருந்தன. வெல்லப்பட்ட கிழக்கு நாடுகளிலிருந்து வந்த அவர்களுட் சிலர் குற்றவாளிகளே அல்லர். அபராதத்தையும் கடனையும் உழைத்துத் தீர்க்க வந்தவர்கள். பேரரசருக்கு ஒரு மலை. அவர்களுக்கு ஓர் ஓட்டுத் துண்டு.

இச்சுமையே அம்மரபின் வீழ்ச்சிக்கும் வழிவகுத்தது. லி மலைக்குக் கைதிகளை அழைத்துச் சென்ற லியூ பாங் என்னும் சிற்றூர் அலுவலர், வழியில் பலர் தப்பியோடவே, எஞ்சியோரையும் விடுவித்துத் தாமும் தலைமறைவானார். அவரே பின்னர் ஹான் பேரரசை நிறுவினார். பேரரசர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குள் சின் மரபு மண்ணோடு மண்ணாயிற்று.

4. எளிமையும் அதன் எல்லையும்

ஹான் மரபின் வென் பேரரசர் (கி.மு. 180–157) தம் இறுதி ஆணையில் சாவு இயற்கையானது, அதற்காக மக்கள் நெடுநாள் துன்புறலாகாது எனக் கருத்துரைத்தார். துக்க நாள்கள் குறைக்கப்பட்டன. கல்லறையில் பொன்னும் வெள்ளியும் வேண்டா, மட்கலங்களே போதும், மண்மேடு எழுப்பவேண்டா என்றார். அந்தப்புரப் பெண்கள் பலர் தத்தம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். சின் அரசவையின் ஆணையோடு இதனை ஒப்பிட்டால் எத்துணைப் பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

நெடுங்காலம் இவரது கல்லறை வேறோர் இடத்தில் இருந்ததாகக் கருதப்பட்டது. ஷியான் நகருக்கு அருகே ஜியாங் சிற்றூரில் உள்ள பெருங்கல்லறையே அது என்று 2021இல் சீன ஆய்வாளர் அறிவித்தனர். மேடு இல்லை என்பது உண்மையாயிற்று. ஆனால் நாற்புறமும் சரிவுப் பாதைகளும், சுற்றிலும் நூறுக்கும் மேற்பட்ட துணைக் குழிகளும், அவற்றில் சுடுமண் உருவங்களும் இருந்தன. பேரரசரின் எளிமை ஏழையின் எளிமை அன்று. அவருடைய மகன் ஜிங் பேரரசரின் கல்லறையில் வைக்கப்பட்ட உருவங்கள் ஓர் ஆளின் மூன்றிலொரு பங்கு உயரமே உள்ளவை. முகங்களில் அமைதி தவழ்கிறது. ஆயினும் அதன் அருகே 1972இல் அகழப்பட்ட உழைப்பாளிகளின் புதைகுழிகளில் எலும்புகளின் கழுத்திலும் காலிலும் இரும்பு விலங்குகள் கிடந்தன.

5. பாதாளத்தில் ஓர் அரசு

ஹான் காலத்தில் மறுமை எவ்வாறு எண்ணப்பட்டது என்பதற்குச் சிறந்த சான்று, 1972 முதல் 1974 வரை சாங்ஷா நகரின் மாவாங்டுய் என்னுமிடத்தில் அகழப்பட்ட குடும்பக் கல்லறைகளாகும். டாய் கோமகனின் மனைவியுடைய உடல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அழியாதிருந்தது. அவர் பெட்டியின்மேல் விரிக்கப்பட்டிருந்த பட்டுத் துகிலில் மேலே ஞாயிறும் திங்களும் உள்ள வானுலகும், நடுவே கோலூன்றி நிற்கும் அப்பெருமாட்டியும், கீழே பாதாளமும் தீட்டப்பட்டுள்ளன. அடுத்த கல்லறையில் கி.மு. 168ஆம் ஆண்டைக் குறிக்கும் மரப்பலகை ஒன்று கிடைத்தது. இறந்தவரின் பொருள்களின் பட்டியலை இவ்வுலக அலுவலர் பாதாள அலுவலருக்கு முறைப்படி அனுப்பிவைக்கும் கடிதம் அது. பேரரசின் அலுவலக ஒழுங்கு மறுமைக்கும் நீட்டப்பட்டது.

ஹுன், போ என இருவகை உயிர்க்கூறுகள் மனிதரில் உள்ளன என்னும் கருத்து இதற்கு முன்னரே இருந்தது. கி.மு. 535இல் செங் நாட்டில் கொலையுண்ட பெருமகன் ஒருவரின் ஆவி மக்களை அச்சுறுத்தியதாகப் பேசப்பட்டது. அமைச்சர் ஸிசான் அவருடைய மகனுக்குப் பதவி அளித்தார், அச்சம் தணிந்தது. திரும்பிச் செல்ல இடமுள்ள ஆவி தீங்கு செய்யாது என்பது அவர் விளக்கம். மறுமை பற்றிய கலக்கத்திற்கு இம்மையில் நீதி செய்வதையே மருந்தாகக் கண்ட அமைச்சர் அவர்.

ஜேட் கல் உடலைக் காக்கும் என்னும் நம்பிக்கையில், ஹான் இளவரசர்கள் ஜேட் துண்டுகளைக் கம்பியால் தைத்த உடையில் அடக்கம் செய்யப்பட்டனர். 1968இல் கண்டெடுக்கப்பட்ட லியூ ஷெங் இளவரசரின் உடையில் 2,498 துண்டுகள் பொற்கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. உள்ளே உடல் மண்ணாகியிருந்தது. அறிஞர் வாங் சோங் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, இறந்தோருக்கு உணர்வில்லை என வாதிட்டு ஆடம்பர அடக்கத்தைச் சாடினார். கி.பி. 222இல் வெய் அரசின் முதற் பேரரசர் சாவ் பி, வீழாத அரசுமில்லை, தோண்டப்படாத கல்லறையுமில்லை என்னும் பட்டறிவைச் சுட்டி, தமக்குப் பொன்னும் ஜேட் உடையும் வேண்டா என ஆணையிட்டார்.

6. திரும்பிய வழக்கமும் அதன் முடிவும்

இவ்வளவு கூறப்பட்ட பின்னும் மிங் மரபின் நிறுவனர் 1398இல் இறந்தபோது அந்தப்புரப் பெண்கள் உடன் சாகச் செய்யப்பட்டனர். 1424இல் யோங்லே பேரரசர் இறந்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. கன்பூசிய நூல்களைத் தேர்வுப் பாடமாக வைத்து அலுவலரைத் தெரிந்த அரசவையில் இது நடந்தது என்பதை மறத்தலாகாது. 1464இல் யிங்சோங் பேரரசர் தம் இறுதி ஆணையால் இதனை நிறுத்தினார். மங்கோலியரிடம் கைதியாயிருந்தவர், தம் தம்பியின் ஆட்சியில் ஏழாண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். அடுத்து வந்த சிங் மரபின் மஞ்சு மக்களிடையேயும் இவ்வழக்கம் இருந்தது. அது 17ஆம் நூற்றாண்டில் காங்சி பேரரசர் காலத்தில் தடை செய்யப்பட்டது.

மிங் பேரரசர் வான்லி 1620இல் இறந்தார். அவரது கல்லறை 1956 முதல் 1958 வரை திறக்கப்பட்டது; 1966இல் பண்பாட்டுப் புரட்சியின்போது அவருடைய எலும்புகள் செங்காவலரால் வெளியே இழுத்து எரிக்கப்பட்டன. இதே வான்லிதான் 1610இல் பெய்ஜிங்கில் இறந்த மத்தேயோ ரிச்சி என்னும் இயேசு சபைத் துறவிக்கு அடக்க நிலம் அளித்தவர்.

7. அருட்பணியாளருக்குச் சில எண்ணங்கள்

முன்னோருக்குச் சீனர் செய்யும் வணக்கம் வழிபாடா, மரியாதையா என்னும் வழக்கு ரிச்சிக்குப் பின் கத்தோலிக்கத் திருச்சபையை நூறாண்டுகளுக்கு மேல் அலைக்கழித்தது. 1742இல் அச்சடங்குகளைத் தடுத்த பதினான்காம் ஆசீர்வாதப்பர், 1744இல் நம் நாட்டு மலபார்ச் சடங்குகள் குறித்தும் தீர்ப்பு வழங்கினார். 1939இல் உரோமை தன் நிலையை மாற்றிக்கொண்டது. சீர்திருத்தத் திருச்சபையாரும் 1890இல் ஷாங்காய் மாநாட்டில் இதே வினாவைச் சந்தித்தனர். மார்ட்டின் என்னும் அருட்பணியாளர் பொறுமை காட்டவேண்டினார். ஹட்சன் டெய்லர் முதலிய பெரும்பான்மையோர் எதிர்த்தனர். இவ்விவாதங்கள் அனைத்தும் வணக்கம் யாரை நோக்கிச் செல்கிறது என்றே கேட்டன. அவ்வினா தேவையானதே. ஆனால் அதன் சுமை யார்மீது விழுகிறது என்னும் வினாவைச் சென் ஸிகாங் கேட்டார்; மோட்சு கேட்டார்; சின் நாட்டு மக்கள் புலம்பலாகப் பாடினர்.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, மறுமையில் நம்பிக்கை கொண்டோரிடையேயும், அதனை ஐயுற்றோரிடையேயும் கொடுமையை எதிர்த்தவர்கள் இருந்தனர். எனவே ஒரு மக்களின் மறுமைக் கோட்பாட்டை மட்டும் கொண்டு அவர்தம் அறத்தை அளத்தல் தவறாகும். பிற சமயத்தாரின் கல்லறைகளை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் ஒதுக்கும் மாணவர், அச்சமயத்திற்குள்ளேயே எழுந்த கண்டனக் குரலைக் கேளாமல் போவர். இரண்டாவது, கி.மு. 384இல் ஒழிந்தது கி.மு. 210இல் திரும்பியது, மீண்டும் 1398இல் திரும்பியது. அறநெறியில் பெற்ற வெற்றியை ஒவ்வொரு தலைமுறையும் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் சபைகளில் யாரும் உயிரோடு புதைக்கப்படுவதில்லை. ஆயினும் இறந்தவரின் மதிப்பிற்காக என்று கூறி, வாழும் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும் அடக்கங்களை நாம் அறிவோம். உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டு அடக்க ஆராதனையை நடத்தும் ஆயர், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் அவ்வீட்டாரின் கடன் எவ்வளவு என்பதையும் கேட்டறிதல் நன்று.